கூடாத குழுக்களின் கணக்கு

2013 ஏப்ரல் 23 அன்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஒன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பேரிடர்களை எதிர்கொள்ள நாடு எந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். உத்தராகண்ட் பற்றிய பகுதி சுருக்கமானது. அந்த மாநிலத்தின் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2007 அக்டோபரில் அமைக்கப்பட்டது. அன்றிலிருந்து ஒருமுறைகூடக் கூடியதில்லை. விதிகள் வகுக்கவில்லை, கொள்கை எழுதவில்லை, வழிகாட்டு நெறிகள் எதையும் வெளியிடவில்லை. 2008 ஜனவரியில் அமைக்கப்பட்ட மாநில நிர்வாகக் குழுவும் கூடவில்லை. டெல்லியும் பெரிதாக மெச்சிக்கொள்ளும்படி இல்லை. தேசிய ஆணையத்துக்கு யோசனை சொல்ல வேண்டிய வல்லுநர்களின் ஆலோசனைக் குழு 2010 ஜூன் முதல் இல்லாமலே காலம் ஓடியிருந்தது. 2008 மே மாதத்துக்குப் பிறகு எத்தனையோ பேரிடர்கள் வந்துபோயும் தேசிய நிர்வாகக் குழு கூட்டப்படவில்லை.

அறிக்கை வெளிவந்து எட்டு வாரம் முடியவில்லை. ஜூன் 16, 17 ஆகிய இரு நாள்களில் உத்தராகண்டில் மந்தாகினி ஆறு பெருகியது. கேதார்நாத்துக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்து கோயிலைச் சுற்றியிருந்த ஊரை அடித்துக்கொண்டு போனது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அந்தக் குழுக்கள் ஒழுங்காகக் கூடியிருந்தால் ஏரி உடைந்திருக்காது என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால், அன்று மலைமேல் எத்தனை யாத்திரிகர்கள் இருந்தார்கள் என்ற கணக்கே அரசிடம் இல்லை. யாத்திரிகர்களைப் பதிவு செய்யும் முறை அடுத்த ஆண்டுதான் வந்தது. மேசையைச் சுற்றி நான்கு துறைகள் உட்கார்ந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கியிருந்தால் முன்பே முடிந்திருக்கக்கூடிய வேலை அது.

உத்தராகண்டை ஒரு விதிவிலக்காக ஒதுக்கிவிட்டால் மனம் நிம்மதி அடையும். அந்த நிம்மதிக்கு ஆதாரம் குறைவு. பேரிடர் ஆயத்தத்துக்கான பணத்தை ஒரு வட்டாரம் முழுவதற்கும் பங்கிட்டு ஒருங்கிணைக்க நாம் வைத்திருக்கும் குழுக்களின் கட்டமைப்பே, கூடாமல் இருப்பதைச் சுலபமாக்கும் விதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இப்போது அதே அச்சில் மாநகராட்சிதோறும் ஓர் அடுக்கு கூடப்போகிறது. அதனால்தான் இதை இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு மூன்று நாள் முன்பு, 2005 டிசம்பர் 23 தேதியிட்டு, பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. தேசிய ஆணையத்துக்குப் பிரதமர் தலைவர். மாநில ஆணையத்துக்கு முதலமைச்சர். மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர். தலைமைச் செயலாளர் தலைமையில் மாநில நிர்வாகக் குழு தனி. இந்த மூன்று மட்டத்து ஆணையங்களும் வல்லுநர்களைக் கொண்டு ஆலோசனைக் குழு அமைத்துக்கொள்ளலாம் என்று 7, 17, 28 ஆகிய பிரிவுகள் சொல்கின்றன. அமைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அமைக்காவிட்டால் கேட்பாரில்லை. ஆணையம் எப்போது கூட வேண்டும்? தேவைப்படும்போது, தலைவர் சரியென்று நினைக்கும் நேரத்தில், நினைக்கும் இடத்தில். ஒரு கூட்டுறவுச் சங்கம்கூட ஆண்டுக்கு ஒருமுறை பேரவையைக் கூட்டியாக வேண்டும். தமிழ்நாட்டின் எட்டுக் கோடிப் பேரின் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பணத்தைப் பற்றி அதே சட்டம் தெளிவாகத்தான் யோசித்திருக்கிறது. வந்தபின் செலவழிக்க நிவாரண நிதி, வருமுன் செலவழிக்கத் தணிப்பு நிதி என இரண்டு. இரண்டும் தேசிய அளவிலும், மாநில அளவிலும், மாவட்ட அளவிலும் இருக்க வேண்டும். நிவாரண நிதி 2010இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே வேறு பெயரில் இருந்ததுதான். தணிப்பு நிதி வரவில்லை. வறட்சி தொடர்பாக ஸ்வராஜ் அபியான் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், தேசியத் தணிப்பு நிதியை மூன்று மாதத்துக்குள் ஏற்படுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் உத்தரவிட்டது. அந்த நிதி அறிவிக்கையானது 2021 பிப்ரவரியில். சட்டம் வந்து பதினைந்து ஆண்டுகள், உத்தரவு வந்து நாலே முக்கால் ஆண்டுகள் கழித்து. இதற்கிடையில் வர்தா, ஒக்கி, கஜா புயல்கள், கேரளப் பெருவெள்ளம் எல்லாம் வந்துபோயின.

அந்தப் பணம் கண்ணில் பட்டதற்கு 15ஆவது நிதி ஆணையத்தைத்தான் பாராட்ட வேண்டும். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியாக அது 1,60,153 கோடி ரூபாயை ஒதுக்கியது. அதில் நூறு ரூபாய்க்கு நாற்பது மீட்புக்கும் நிவாரணத்துக்கும், முப்பது மறுசீரமைப்புக்கும், இருபது தணிப்புக்கும், பத்து ஆயத்தத்துக்கும் திறன் வளர்ப்புக்கும் என்று பிரித்தது. அதற்கு முன்பிருந்த விதிமுறையில் நிவாரண நிதியில் ஆயத்தத்துக்கென்று இப்படித் தனிப் பங்கு பிரிக்கப்படவில்லை. ஆகவே இந்தப் பத்து ரூபாய் பெரிய மாற்றம்தான்.

தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்க்கலாம். 2023–24இல் மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசின் பங்கு இரு தவணையாக 900 கோடி. மாநிலம் கால் பங்கு போட வேண்டும் என்பதால் மொத்தம் 1,200 கோடி. இதற்குமேல் தணிப்பு நிதி 300 கோடி. நிதி ஆணையத்தின் விகிதப்படி ஆயத்தத்துக்கு 150 கோடி. முப்பத்தெட்டு மாவட்டங்களுக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு நாலு கோடிகூட வராது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தென்மாவட்ட வெள்ளமும் வந்தன. நிவாரணத்துக்கும் சீரமைப்புக்கும் தமிழ்நாடு கேட்ட தொகை 37,907 கோடி. உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது சுமார் 276 கோடி. கேட்டதும் கொடுத்ததும் நியாயமா என்பது வேறு விவாதம்; அதில் அரசியல் கட்சிகள் போதுமான அளவு பேசிவிட்டன. நான் கவனிக்கச் சொல்வது அந்த 150 கோடியை. அதை எந்த மாவட்டத்துக்கு, எதற்காக, எந்த வரிசையில் கொடுப்பது என்று தீர்மானித்தது யார், எந்தக் கூட்டத்தில், என்ன தேதியில்? அந்தத் தீர்மானத்துக்காகத்தான் ஆலோசனைக் குழு என்ற ஏற்பாடே சட்டத்தில் இருக்கிறது.

மாவட்ட அளவில் நடப்பதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும். செப்டம்பர் வந்தால் எல்லா மாவட்டத்திலும் வடகிழக்குப் பருவமழை முன்னெச்சரிக்கை ஆய்வுக் கூட்டம் நடக்கும். நீண்ட மேசை. ஆட்சியர் நடுவில். வருவாய், நீர்வளம், நெடுஞ்சாலை, மின்வாரியம், தீயணைப்பு, சுகாதாரம் என்று துறை துறையாக எழுந்து பட்டியல் வாசிப்பார்கள். மணல் மூட்டை இத்தனை ஆயிரம், சவுக்குக் கம்பு இத்தனை, ஜேசிபி இத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் இத்தனை, ஜெனரேட்டர் இத்தனை, தங்கவைக்கப் பள்ளிக்கூடங்கள் இத்தனை. தாழ்வான பகுதிகளின் பட்டியல் போன ஆண்டிலிருந்து வந்து சேரும். 1077 கட்டுப்பாட்டு அறை இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் என்று அறிவிப்பார்கள். அடுத்த நாள் செய்தித்தாளில் படம் வரும். கூட்டம் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். மணல் மூட்டை இருப்பது இல்லாமல் இருப்பதைவிட மேல். ஆனால் அந்த மேசையில் பணம் பற்றிய பேச்சு வராது. வரவும் முடியாது. பேரிடர் நிதியின் சாவி சேப்பாக்கம் எழிலகத்திலும் கோட்டையிலும் இருக்கிறது. சட்டம் மாவட்டத்துக்கும் இரண்டு நிதிகளைச் சொன்னாலும், நிதி ஆணையத்தின் பங்கீடு மாநில அளவோடு நிற்கிறது. ஆட்சியருக்கு இருப்பது பொறுப்பும், பட்டியலும்.

நிதி விதிகளும் ஆயத்தத்துக்குப் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. தேசிய நிதியிலிருந்து உதவி வரும்போது, மாநில நிதியில் இருக்கும் இருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் வரும். 2024இல் தமிழ்நாட்டுக்கும் அப்படித்தான், வயநாட்டுக்கும் அப்படித்தான். முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவுக்குப் பிறகு வயநாட்டுக்கு ஒப்புதலான 153 கோடி ரூபாயும் இந்த நிபந்தனையோடுதான் வந்தது. மாநிலத்தின் கையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் கேட்டது. கணக்கில் 677 கோடி இருப்பதாகவும், பெரும்பகுதி ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுகளுக்கானது என்றும் சொல்லப்பட்டது. அப்படியானால் இன்று செலவழிக்கக் கூடியது எவ்வளவு என்ற கேள்விக்கு நேரான விடை உடனே கிடைக்கவில்லை. நிர்வாகத்தில் நல்ல பெயர் வாங்கிய மாநிலம் அது. இருப்பு என்ன என்பதே நீதிமன்றத்தில் தெரியவேண்டிய நிலை என்றால், அந்த இருப்பிலிருந்து ஆயத்தத்தின் பங்கைப் பிரித்துக் கண்காணிக்கிற குழு எங்கே இயங்கிக்கொண்டிருந்தது?

இன்னொரு தொல்லை, அவசரம். ஆயத்தத்துக்கு முதன்முதலாகப் பங்கு கிடைத்தது அந்த ஐந்தாண்டுக்கு முந்தைய 2020–21இல்; அதுதான் கொரோனா ஆண்டு. நிவாரண நிதியின் ஆண்டு ஒதுக்கீட்டில் பாதிவரை தொற்றுத் தடுப்புக்குச் செலவழிக்கலாம் என்று உள்துறை அமைச்சகம் அனுமதித்தது. அன்று வேறு வழியும் இல்லை. எனினும் பழக்கம் அப்படித்தான் படிகிறது: நெருப்பு எரிகிற பக்கம் பணம் போகும், எரியாத பக்கத்துக்கு வாதாட ஆள் வேண்டும். ஆலோசனைக் குழு அந்த ஆளாக இருக்க வேண்டியது.

சென்னையில் அப்படி ஒரு குழு உண்மையிலேயே வேலை செய்தது. 2021 நவம்பர் மழைக்குப் பிறகு, பெருநகரப் பகுதியின் வெள்ள அபாயத்தைத் தணிக்க ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் தமிழக அரசு ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. அவர் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தில் பணியாற்றியவர், வல்லுநர்களும் இருந்தார்கள். 2023 மார்ச்சில் இறுதி அறிக்கை முதலமைச்சரிடம் தரப்பட்டது. ஒன்பது மாதத்தில் மிக்ஜாம் வந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் தண்ணீர் வடிய நாள்கணக்கானது. எந்தப் பரிந்துரை நிறைவேறியது, எது நிலுவையில், எதற்குப் பணம் ஒதுக்கப்பட்டது என்று மக்கள் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். முடியவில்லை, அறிக்கை அப்போது பொதுவெளியில் இல்லை. எதிர்க்கட்சிகளும் இயக்கங்களும் வெளியிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தன. பதிலுக்கு மழைநீர் வடிகாலுக்குச் செலவான நாலாயிரம் கோடியைப் பற்றிய வாக்குவாதம்தான் ஓடியது. அறிக்கை கையில் இருந்திருந்தால் எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று பேசியிருக்கலாம். இல்லாததால் ஒரே ஒரு பெருந்தொகையை வைத்து இரு தரப்பும் அடித்துக்கொண்டன. குழு நன்றாக வேலை செய்தாலும், அதன் தாள் அலமாரியில் இருந்தால் பலன் பாதிதான்.

இதே கதையில் டெல்லியின் பங்கும் உண்டு. ஏழு பெருநகரங்களின் வெள்ளத் தணிப்புக்கு 15ஆவது நிதி ஆணையம் 2,500 கோடியைத் தனியே எடுத்துவைத்தது. சென்னைக்கு அதில் 500 கோடி. நிதி ஆணையத்தின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது 2021 பிப்ரவரியில். சென்னை வடிநிலத்துக்கான 561.29 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அறிவிக்கப்பட்டது 2023 டிசம்பர் 7 அன்று. மிக்ஜாம் மழை ஓய்ந்து மூன்றாவது நாள். பல தெருக்களில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. தணிப்புக்கென்று ஒதுக்கிய பணம், ஏறத்தாழ மூன்று ஆண்டு கழித்து, நிவாரணத்தின் தோரணையில் வந்து சேர்ந்தது.

வட்டாரம் என்ற சொல்லுக்கு வருவோம். தண்ணீருக்கு மாவட்ட எல்லை தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். சட்டத்துக்கு மட்டும் அது தெரியவில்லை. மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையில், ஓர் ஆற்று வடிநிலம் என்ற அளவில், அந்தச் சட்டத்தில் எந்த அமைப்பும் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரி காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் வட்டத்தில் இருக்கிறது. 2015 டிசம்பர் 1 இரவு அங்கே திறந்துவிடப்பட்ட வினாடிக்கு 29,000 கன அடித் தண்ணீர் போய்ச் சேர்ந்தது சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும். 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே வகைப்படுத்தியது. அதற்குப் பிறகு மாவட்டங்கள் பிரிந்தன. இன்று அடையாற்றங்கரையில் முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், பக்கத்து வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். 2015, 2021, 2023 ஆகிய மூன்று ஆண்டும் இரண்டு ஊரும் ஒரே தண்ணீரில் மூழ்கின. கரையை உயர்த்தவும், கால்வாயை அகலப்படுத்தவும், படகை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கவும் இரண்டு ஆட்சியர்கள், இரண்டு திட்டங்கள்.

தெற்கே இன்னும் கடுமை. 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. பாபநாசமும் மணிமுத்தாறும் இருப்பது திருநெல்வேலி மாவட்டத்தில். தாமிரபரணி கடைசியில் நிறைந்து வழிவது தூத்துக்குடி மாவட்டத்தின் ஸ்ரீவைகுண்டத்திலும் ஏரலிலும். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் உணவுக்கும் தண்ணீருக்கும் ஹெலிகாப்டரை எதிர்பார்த்துக் கிடந்தார்கள். அப்படி ஒரு மழைக்கு எந்த ஆயத்தமும் முழுதாகப் போதாது. ஆனாலும் அணை இருக்கும் மாவட்டமும், ஆறு முடியும் மாவட்டமும், ரயில்வேயும் ஒரே மேசையில் உட்கார்ந்து பணத்தைப் பங்கிடுகிற நிரந்தர ஏற்பாடு எதையும் சட்டம் கேட்கவில்லை என்பது மழையின் குற்றமல்ல.

பத்திரிகைகள் அதிகம் பேசாத ஓட்டை ஒன்று உண்டு. சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர் என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத்தலைவர். அதிகாரிகளின் மேசையில் மக்கள் சார்பாக உட்காரும் ஒரே நாற்காலி அது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. ஊரகத்தில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடையில் 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரியில் ஒக்கி. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா. இரண்டு முறையும் அந்த நாற்காலியில் உட்காரத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் பதவியில் இல்லை. 2025 ஜனவரி 5 அன்று 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் மறுபடி முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதைச் சாலை, குடிநீர்ப் பிரச்சினையாகவே பேசுகிறோம். பேரிடர்ப் பணத்தை யாருக்கு முதலில் என்று கேட்க வேண்டிய குரலும் அதோடு போய்விடுகிறது. கஜாவுக்குப் பிறகு பல ஊர்கள் சாலை மறியல் செய்துதான் நிவாரணம் கேட்கவேண்டி வந்தது.

குழு அடிக்கடி கூடினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் அப்பாவித்தனம். அமெரிக்காவில் 2001க்குப் பிறகு உள்நாட்டுப் பாதுகாப்பு நிதியைப் பங்கிட வட்டாரம்தோறும் குழுக்கள் முளைத்தன. ஒழுங்காகக் கூடின, ஒழுங்காகப் பங்கிட்டன. மேற்கு மிச்சிகனில் அப்படி ஒரு வட்டார அமைப்பு, 13 கவுண்டிகளுக்கு 13 ஐஸ் துருவும் இயந்திரங்களை வாங்கிக் கொடுத்தது. ஒன்று சுமார் 900 டாலர். வெயிலில் மயங்குவோருக்கு ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம், விழிப்புணர்வு முகாமுக்குக் கூட்டமும் சேரும் என்று காரணம் சொன்னார்கள். செனட்டர் டாம் கோபர்ன் 2012இல் வெளியிட்ட அறிக்கையில் இது போன்றவை நிறைய. ஆபத்து எங்கே அதிகம் என்று பார்க்காமல் ஆளுக்கு ஒன்று என்று பங்கிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; குழுவும் சிக்கலில்லாமல் கலையும். நம்மூரில் 150 கோடியை 38ஆல் வகுக்கும் ஆசை எந்த அலுவலகத்திலும் எழக்கூடியதே. நான் மேலே வகுத்துக் காட்டியதை யாரும் யோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாகப்பட்டினத்தின் தேவையும் தருமபுரியின் தேவையும் ஒன்றல்ல.

ஒடிசாவை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சொல்வதில் தவறில்லை, ஆனால் சரியான காரணத்துக்காகச் சொல்ல வேண்டும். 1999 அக்டோபர் 29 பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் தனி அமைப்பாகப் பேரிடர் ஆணையத்தை அந்த மாநிலம் உண்டாக்கியது. நாட்டுக்கே சட்டம் வருவதற்கு ஆறு ஆண்டு முன்பு. 2013 அக்டோபர் 12 பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் அளவில் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. உத்தராகண்டில் அந்தப் பெருந்துயரம் நடந்ததும் அதே ஆண்டுதான், நான்கு மாதம் முன்பு. ஒடிசாவின் வெற்றிக்குத் துல்லியமான வானிலை முன்னறிவிப்பைக் காரணமாகச் சொல்வார்கள். அதோடு கடலோரமெங்கும் கட்டப்பட்ட புயல் பாதுகாப்பு மையங்களும் உண்டு. ஒவ்வொரு மையத்துக்கும் உள்ளூர்க்காரர்களின் நிர்வாகக் குழு இருக்கிறது. சாவி யாரிடம், ஜெனரேட்டருக்கு டீசல் யார் வாங்குவது, கர்ப்பிணிகளை யார் அழைத்து வருவது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் ஒத்திகை நடக்கும். புயல் வரும்வரை காத்திருக்காமல் கூடுகிற குழு, பராமரிக்க ஒரு கட்டடம், ஒத்திகைக்கு ஒரு நாள். நம் மாவட்டக் குழுக்களிடம் இந்த மூன்றில் எத்தனை இருக்கிறது?

இப்போது என்ன மாறுகிறது என்றால், 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. மாநிலத் தலைநகரங்களிலும் மாநகராட்சி உள்ள நகரங்களிலும் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க அது வழி செய்கிறது. மாநகராட்சி ஆணையர் தலைவர், ஆட்சியர் துணைத்தலைவர். நகரத்துக்கென்று தனி ஏற்பாடு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். இரண்டு இடத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம். நகர ஆணையத்துக்கு என்று தனி நிதி எதையும் திருத்தம் ஏற்படுத்தவில்லை; திட்டம் எழுதும் கடமை வந்திருக்கிறது, பணம் வரவில்லை. இரண்டாவது, சென்னைக்கு ஒன்று, தாம்பரத்துக்கு ஒன்று, ஆவடிக்கு ஒன்று என்று அமைத்தால், பெருநகரத்தின் வடிநிலம் மேலும் துண்டாகும். மாநகராட்சிக்கு வெளியே இருக்கும் ஏரிகளும் ஊராட்சிகளும் எந்த நகர ஆணையத்திலும் வராது. வெள்ளம் முதலில் வருவது அங்கேதான்.

15ஆவது நிதி ஆணையத்தின் காலம் 2026 மார்ச் வரை. அந்த ஏப்ரலிலிருந்து 16ஆவது ஆணையத்தின் ஐந்தாண்டு. புதிய ஒதுக்கீடும் புதிய குழுக்களும் ஒரே நேரத்தில் வரும் சந்தர்ப்பம் அடிக்கடி அமையாது. அரசாணை வெளியிடும்போதே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், நடவடிக்கைக் குறிப்பைப் பதினைந்து நாளில் வெளியிட வேண்டும், ஆயத்தப் பங்கு தனிக் கணக்கில் காட்டப்பட வேண்டும், ஒரே ஆற்றின் கரையிலுள்ள மாவட்டங்கள் சேர்ந்து உட்கார வேண்டும் என்று எழுதிவிடச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. மாநில அரசு நினைத்தால் ஒரு பக்க அரசாணை போதும்.

அதுவரை குடிமகனிடம் இருப்பது தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கடந்த இரண்டு ஆண்டில் எந்தெந்தத் தேதிகளில் கூடியது, நடவடிக்கைக் குறிப்பின் நகல், ஆலோசனைக் குழு உண்டா, உண்டென்றால் உறுப்பினர் யார், ஆயத்தத்துக்கான பங்கில் மாவட்டத்துக்கு வந்தது எவ்வளவு, அது எதற்குச் செலவானது என்று கேட்கலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கிவிடும். அதற்குள் பதில் கைக்கு வர வேண்டுமானால் மனு செப்டம்பர் முதல் வாரத்திலேயே போயிருக்க வேண்டும்.